உப்புப் பார்க்காத சமையல்

அந்த நாற்றத்தை எதோடு ஒப்பிட்டுச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீடு துடைத்த துணியைப் பிழியாமல் வாளிக்குள் மறந்துவிட்டு, சில நாள் கழித்து மூடியைத் திறந்தால் ஒரு வெடில் வருமே, அதற்குக் கிட்டத்தட்ட. ஆனால் அந்தத் துணியைத் தூக்கி எறியலாம். இதை என் குசினியில், என் அடுப்பில், நானே நின்று கிண்டி, என் மனுசனுக்குச் சாப்பிடக் கொடுக்க வேண்டியிருந்தது.

கஞ்சா என்ற சொல்லை எழுதவே கை கூசுகிறது. நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் திட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டது. உருப்படாதவனைக் காட்டி, குடிகாரன் என்றால் கொஞ்சம் இரக்கம் மிச்சம் இருக்கும், கஞ்சாக்காரன் என்றால் கதை முடிந்தது. இப்போதும் ஊரிலிருந்து தொலைபேசி வந்தால், கரையில் பொதி பொதியாக ஒதுங்கிக் கிடந்ததாம், பொலிஸ் வந்ததாம் என்றுதான் கதை.

இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. நாங்கள் இருக்கிற அல்பெர்கேரியாப் பகுதியில், எங்கள் ஒழுங்கை முனையில் சந்தைக் கடைகளைப் பூட்டியதும் பெடியள் படிக்கட்டில் குந்தியிருந்து புகைப்பார்கள். வேலை முடிந்து வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று கடப்பேன். மகள் சின்னவளாக இருந்தபோது, முனை திரும்பும்வரை மூச்சு விடாதே என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். அவளும் கன்னத்தை ஊதிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி ஓடி வருவாள். வளர்ந்த பிறகு அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணினாள். அதே மகள்தான், படித்து முடித்து வேலைக்குப் போகிற பெரிய பெண்ணாகி, ஒருநாள் என் முன்னால் உட்கார்ந்து, அப்பாவுக்கு அதைக் கொடுத்துப் பார்ப்போம் என்றாள்.

அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் திட்டி முடித்த பிறகும் அவள் எழும்பிப் போகவில்லை. ஏனென்றால் வேறு வழி எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை.

என் மனுசன் சாப்பாட்டு மனுசன். மொண்டெல்லோவில் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அடுப்பு வேலைக்கு உயர்ந்தவர். நாள் முழுக்க மீன் பொரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்கு ஒரு பிடி புட்டுத் தா என்று கேட்கிற வயிறு அவருடையது. அந்த வயிற்றில்தான் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். பிறகு கீமோ மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முதல் தடவையிலேயே சாப்பாடு விட்டுப் போனது. வாய் புண்ணாகிவிட்டது. தாளிக்கிற மணம் வந்தாலே சத்தி எடுத்தார். நான் புட்டை அவித்து, சொதியை வைத்து, பாரை மீனை முள் எடுத்துப் பிசைந்து கொண்டுபோய் வைப்பேன். அவர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார்.

மருத்துவமனையில் எங்களைப் பார்த்த தொத்தோரேசா, டாக்டர் அம்மாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், வளைத்துப் பேசத் தெரியாத பெண். அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் இளைத்தால் அடுத்த தடவை மருந்து ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது என்றாள். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். அதற்கு அவள் சொன்ன பதிலை மகள் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. எனக்கு அந்தளவு இத்தாலியன் தெரியும் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

ஆகவே மனுசன் சாப்பிட வேண்டும். அந்த மாதங்களில் எனக்கு வேறு எந்தக் கவலையும் இருக்கவில்லை.

தொத்தோரேசாவே அந்தச் சாமானை எழுதித் தந்தாள். மருந்துக் கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர், இருமல் மருந்து தருவதுபோல, சின்னப் பெட்டியொன்றைப் பையில் போட்டுத் தந்தார். பையின் காதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தேநீர்போல அவித்துக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். குடித்த கோப்பையைக் கீழே வைக்க முதலே அவர் ஓங்காளித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்ற நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மகள் மறுபடி போய்க் கேட்டு வந்தாள். அளவாக பட்டரில் கலந்து சாப்பாட்டில் கொடுக்கலாமாம். அளவு மட்டும் தவறக் கூடாதாம். அவள் தன் போனில் தேடிக்கொண்டே இருந்தாள். எல்லாம் பிஸ்கட், எல்லாம் கேக். இவருக்கோ இனிப்பு வாயில் பட்டால் இரும்புக் கம்பியை நக்குவதுபோல இருக்கிறது என்று, ஆஸ்பத்திரியில் தந்த சத்துப் பானத்தைக்கூடத் தொடவில்லை. உறைப்பு வேண்டாம், புண் எரியும். ஆனால் உப்பும் எண்ணெயும் உள்ள, மெத்தென்ற பலகாரம் என்றால் ஒருவேளை இறங்கும். கட்லெட், பற்றிஸ், ரோல்ஸ், பலேர்மோக்காரர் கடலை மாவில் பொரிக்கிற பனெல்லே. இவற்றையெல்லாம் இந்த வீட்டில் செய்யத் தெரிந்தவள் யார்? போனில் எப்படித் தேடினாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பெரிய படிப்பில்லை, அழகுமில்லை, ஆனால் நாக்கு இருக்கிறது. எங்கள் பங்குத் திருவிழாவுக்குத் தமிழாக்கள் சேர்ந்து பெரிய சட்டிகளில் சமைக்கும்போது, அடுப்பை இறக்க முதல் யாராவது ஒருத்தி என்னைத் தேடி வருவாள். உப்புப் பார்க்க. அகப்பையால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் ஒரு பிடி என்றோ போதும் என்றோ சொல்வேன். ஆட்டிறைச்சியோ மரக்கறியோ, என் வார்த்தைக்குப் பிறகுதான் சட்டி இறங்கும். இதில் எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு, ஒளிக்க மாட்டேன்.

அப்படிப்பட்டவள் அந்தச் சாமானைச் சமைத்த முதல் நாளைச் சொல்கிறேன்.

அதற்கென்று தனியாக ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு வடி துணி ஒதுக்கினேன். அவற்றை மற்றப் பாத்திரங்களோடு வைக்க மனம் வரவில்லை. கழுவு தொட்டிக்குக் கீழே, வெளுக்கிற மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையில் மஞ்சள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். நான் வேலைக்குப் போகிற வீட்டு அம்மா, அந்தச் சிஞ்ஞோரா வீட்டில் குளியலறை கழுவும்போது போடுவேனே, அதே மாதிரி, ஆனால் புதுச் சோடி. மகள் சின்னத் தராசில் நிறுத்து அந்தத் தூளைத் தட்டில் பரப்பி, மின்சாரப் போறணைக்குள் வைத்தாள். அப்போதுதான் வீடு நாறத் தொடங்கியது.

யன்னலைத் திறந்தால் மேல் மாடியில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குப் போகும். பூட்டினால் நாங்கள் செத்துப்போவோம். நான் பூட்ட, மகள் திறக்க, கொஞ்ச நேரம் அதுதான் நடந்தது. பிறகு பட்டரை உருக்கி, அதற்குள் அந்தத் தூளைப் போட்டு, கொதிக்கவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நெய் உருக்குகிற வேலைதான். நெய் உருக்கும்போது முருங்கையிலை போட்டு வீடே மணக்க நின்றவள் நான். இங்கே மேலே மிதந்தது பச்சைச் சளி. வடி துணியில் ஊற்றிப் பிழிந்தபோது, ரப்பர் கையுறைக்கு மேலாலும் அந்த வழுவழுப்புத் தெரிந்தது. துணிக்குள் மிஞ்சிய சக்கையைப் பார்த்ததும் தொட்டியில் குனிந்து ஓங்காளித்தேன். மகள் என் முதுகைத் தடவிக்கொண்டு, அம்மா நீங்களா நோயாளி என்று கேட்டாள்.

உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வதக்கிய வெங்காயமும் தகரத்தில் அடைத்த ரின் மீனும் சேர்த்து, அந்தப் பச்சை பட்டரை அளந்து விட்டுக் குழைத்தேன். கையுறையோடுதான். உருட்டித் தட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் பிரட்டி, நெருப்பை மிதமாக வைத்து லேசாக வாட்டி எடுத்தேன். பார்க்க அசல் கட்லெட். உப்பு? உத்தேசத்துக்கு ஒரு சிட்டிகை போட்டேன். பட்டர் விட முதலே உப்புப் பார்த்தால் என்ன என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சட்டியில் இருந்து, அந்தக் கரண்டியால் எடுத்து, அந்த நாற்றத்துக்குள் நின்று வாயில் வைக்க என்னால் முடியவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் உப்புப் பார்க்காமல் இறக்கிய முதல் சமையல் அது.

அவர் ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தார். மென்றார். நானும் மகளும் கதவோரம் நின்றோம்.

"உப்பில்லை" என்றார்.

அவ்வளவுதான். சத்தி வரவில்லை. பிறகு உப்புத் தூளைத் தெளித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சாப்பிட்டார். பின்னேரம் போல, கட்டிலில் இருந்தபடி, சோறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். சோறு கேட்டுவிட்டார். நான் குசினிக்குள் ஓடிப்போய் அரிசியைக் களைந்தபடி அழுதேன். எத்தனையோ நாளாகக் கெஞ்சியும் திறக்காத வாய் தானாகத் திறந்த சந்தோசம் அது. ஆனால் அந்தச் சந்தோசம் அருவருப்பைக் கழுவிக்கொண்டு போகவில்லை. அரிசி களைந்த கையிலும் அந்த வெடில்தான் அடித்தது.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. சாப்பாட்டுத் தட்டையும் கோப்பை என்றே சொல்பவர்கள் நாங்கள். பலேர்மோவுக்கு வந்த புதிதில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரேயொரு கோப்பை. அவர் மொண்டெல்லோவிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, என் பங்கை அதே கோப்பையின் ஒரு பக்கத்தில் ஒதுக்கி வைப்பார். நான் வந்து சாப்பிடுவேன். புருசன் எச்சிலைப் பெண்சாதி சாப்பிட வேண்டும் என்கிற சட்டமெல்லாம் எங்களிடம் இல்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் கோப்பையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கோப்பை ஒன்றுதான் இருந்தது, அதனால் வந்த பழக்கம். பிறகு கோப்பைகள் அலுமாரி நிறைய வந்தன. பழக்கம் மட்டும் மாறவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்போது ஓரத்தில் ஒரு வாய் மிஞ்சியிருக்கும். கோப்பையை என் பக்கம் தள்ளுவார். நான் கதைத்துக்கொண்டே அதை வாயில் போட்டுக்கொண்டு கோப்பையைத் தூக்குவேன். இதை ஒரு விசயமாக நாங்கள் நினைத்ததே இல்லை.

கட்லெட் கொடுத்த நாட்களிலும் அவர் ஓரத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார். நான் அதைக் குப்பையில் கொட்டி, பையை இறுக்கிக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கோப்பையைக் கொதிதண்ணீரில் கழுவினேன். வேறென்ன செய்வது? அது மருந்து. அதைவிட, அது கஞ்சா.

நாட்கள் அப்படியே ஓடின. அருவருப்பும் அரியண்டமும் பிடித்த நாட்கள். பிரார்த்தனை சொல்லிக்கொண்டே அந்தச் சட்டியைக் கிண்டுவேன். பனெல்லே மாவில் கலந்து பார்த்தேன், பச்சைத் திட்டுத் திட்டாக வந்தது. பற்றிசுக்குள் வைத்தேன். மருந்து வேலை செய்கிற நேரம் அவர் கண் சிவந்து, தொலைக்காட்சியில் மழை வரும் என்று சொல்கிற பெண்ணைப் பார்த்துத் தன்பாட்டில் சிரிப்பார். ஒழுங்கை முனைப் பெடியளின் அதே முழி. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முழியைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டு தொலைக்காட்சியை நிறுத்துவேன். அவர் நிறுத்திய திரையைப் பார்த்தும் சிரிப்பார்.

ஒருநாள் சட்டி அடுப்பில் இருக்கும்போது மேல்மாடி அக்கா சுகம் விசாரிக்க வருவதாகப் போன் எடுத்தா. மறைக்க வழி தெரியாமல் கருவாட்டை எடுத்துச் சுட்டேன். ஒரு வெடிலை இன்னொரு வெடில் மூடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? இரண்டும் கைகோத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தன. அக்கா வாசலிலேயே நின்று கதைத்துவிட்டு, கருவாடு பழுதாகிப்போச்சுது போல, எறிந்துவிடு என்று புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டா. சிஞ்ஞோரா வீட்டிலோ வேறு கூத்து. எங்கள் கறி மணக்கிறது என்று இத்தனை வருடமாக என் மேற்சட்டையைப் பால்கனியில் தொங்கவிடச் சொன்ன மனுசி, ஒருநாள் அதை மூக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது என்ன புதுக் கறி, பரவாயில்லையே என்றா. நான் குனிந்து நிலத்தைத் துடைத்தேன்.

எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் இளைப்பது நின்றிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்ததுபோலக்கூட எனக்குப் பட்டது. அடுத்த தடவை தராசில் ஏறுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

முதல் நாள் பாதியில் கோப்பையைத் தள்ளினார். அடுத்த நாள் பசிக்கவில்லை என்றார். அதற்கடுத்த நாள் தொடவேயில்லை. சத்தியும் இல்லை, வயிற்று நோவும் இல்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். மகள் அளவில் பிழை வந்ததோ என்று தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ரோல்ஸ் செய்தேன். அவர் ஆசையாகச் சாப்பிடுகிற சோற்று உருண்டை, இங்கத்தையாக்கள் அரஞ்சீனா என்பார்களே, அதையும் செய்தேன். எல்லாம் வைத்தபடியே ஆறிப்போய் இருந்தன. நான் நாறி, என் குசினி நாறி, என் உடுப்பு நாறிச் செய்ததை எல்லாம் திரும்பத் திரும்பக் குப்பையில் கொட்டினேன். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சாக விருப்பமென்றால் நேரே சொல்லுங்கோ, ஏன் என்னை இந்தச் சாக்கடைக்குள் நிற்க வைக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டுவிட்டேன். நோயாளியிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

தராசு நாளுக்கு முந்தின மத்தியானம். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் குசினி மேசையில் கையுறையோடு கிழங்கைக் குழைத்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார். நெடுநேரம் என் கையையே பார்த்தார். பிறகு அவசரமில்லாமல், ஆறுதலாகக் கதைத்தார்.

"இஞ்சரும். உமக்கு என்னைப் பார்க்க அருவருப்பா இருந்தால் சொல்லும். நான் கோவிக்க மாட்டன். பிள்ளையைச் சமைக்கச் சொல்லுறன்."

நான் விளங்காமல் நிமிர்ந்தேன். என்ன விசர்க் கதை என்று கேட்டேன்.

"கக்கூசு கழுவுற கையுறையைப் போட்டுக்கொண்டு எனக்குச் சாப்பாடு குழைக்கிறீர். என்ரை சட்டியை வெளுக்கிற மருந்துப் போத்தலுக்குப் பக்கத்திலை வைக்கிறீர். என்ரை கோப்பையிலை மிஞ்சினதைக் குப்பையிலை கொட்டிப்போட்டு, கையை மூண்டு தரம் கழுவுறீர். நான் கட்டில்லை இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் கிடக்கிறன். நீர் ஒருக்கால் எண்டாலும் உப்புப் பாத்தனீரோ?"

குரல் உயரவில்லை. குற்றம் சாட்டுகிற மாதிரியும் இல்லை. தன் உடம்பைப் பற்றித் தானே ஏதோ தெரிந்துகொண்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். சத்தி எடுக்கிற வாய், வயிற்றில் வெட்டுக் காயம், தலையில் முடியில்லை, தோலில் மருந்து நெடி. இதையெல்லாம் பார்த்து நான் அருவருக்கிறேன் என்று அந்த மனுசன் நினைத்திருக்கிறார். நான் அந்தச் செடியைப் பார்த்துச் சுளித்த முகத்தையெல்லாம் தன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் சாப்பிட்டிருக்கிறார். பிறகு முடியாமல் நிறுத்தியிருக்கிறார்.

உங்களை இல்லை, அந்தக் கோதாரி பிடித்த சாமானைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர் கண்ட கண்ணுக்கு முன்னால் அந்த வார்த்தை எடுபடாது என்று தெரிந்தது. மஞ்சள் கையுறை இரண்டும் என் கையில் இருந்தன. நான் என்ன சொன்னாலும் அவை வேறு ஒன்றைச் சொல்லும்.

கையுறையைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டேன். அவரைக் கதிரையில் இருத்தினேன். முந்தின நாள் செய்து அவர் தொடாமல் விட்ட கட்லெட் மேசையில் மூடிக் கிடந்தது. அதைச் சூடாக்கி அவர் முன்னால் வைத்து, ஒரு வாய் சாப்பிடுங்கோ என்றேன். ஒரு மூலையைப் பிட்டு வாயில் வைத்தார், எனக்காக. கடித்த மிச்சத்தை அவர் கையிலிருந்து வாங்கி, அதில் நகக்கண்ணளவு பிய்த்து என் வாயில் போட்டேன்.

கடவுளே.

நாற்றத்தைவிடக் கேவலமாக அதன் ருசி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. முதலில் வைக்கோல். பிறகு ஒரு கசப்பு, பாவற்காய்க் கசப்பில் உள்ள மரியாதைகூட அதில் இல்லை, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தது. மீன் சப்பென்றிருந்தது. கிழங்கு மண்ணாக இருந்தது. துப்பிவிடலாம் என்று தொட்டிப் பக்கம் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன்.

இந்த வாய்க்குத்தான் ஊரெல்லாம் வந்து உப்புக் கேட்கிறது. இந்தக் கையால் செய்த இந்தக் கண்றாவியைத்தான் அவர் புண் வாயால் நாள் தவறாமல் மென்றிருக்கிறார். ஒருநாளும் கசக்கிறது என்று சொன்னதில்லை. நாறுகிறது என்று சொன்னதில்லை. நான் அவருக்கென்று குசினியில் நின்று ஓங்காளித்ததைக் கேட்டுக்கொண்டு, எனக்கென்று அதை விழுங்கியிருக்கிறார். அவர் சொன்ன ஒரேயொரு குறை இன்னொன்று.

"உப்பே இல்லையப்பா" என்றேன்.

"முதல் நாளே சொன்னனான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் அழுகையும் வந்தது. அவரும் சிரித்தார். மருந்துச் சிரிப்பு இல்லை, அவருடைய பழைய சிரிப்பு. குழைத்த கிழங்குக்குள் வெறுங்கையை விட்டேன். உப்புப் போட்டேன், கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தேன், ஒரு நெட்டுக் கறிவேப்பிலையை அரிந்து போட்டேன். விரல் நுனியால் தொட்டு நக்கினேன். கசப்புப் போகவில்லை, அது போகாது. ஆனால் கசப்புக்கு மேலே ஒரு சாப்பாடு தெரிந்தது. வாட்டிக் கொடுத்தேன். அன்றைய அளவு எவ்வளவோ அவ்வளவையும் சாப்பிட்டார். பின்னேரம் சோறும் கேட்டார். அந்த நகக்கண்ணளவுக்கே எனக்கு நாக்கு வறண்டு, கண் சொக்கி, கதிரையில் இருந்தபடி தூங்கிப்போனேன். மகள் வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் தராசில் ஏறினார். முள் நான் விரும்பிய இடத்தில் நிற்கவில்லை. அந்த நாட்கள் பட்டினி கிடந்தது அதில் தெரிந்தது. தொத்தோரேசா புருவத்தைச் சுருக்கி யோசித்துவிட்டு, மட்டுமட்டாக இருக்கிறது, ஏற்றுவோம் என்றாள். இனிக் கீழே போகக் கூடாது என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அந்தச் சாமான் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பு குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் போறணையைத் திறந்தால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். சட்டி மட்டும் இப்போது மற்றச் சட்டிகளோடு இருக்கிறது. பட்டர் விட முதல் ஒருமுறை, விட்ட பிறகு நுனிநாக்கால் ஒருமுறை, உப்புப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் முகம் கோணுகிறது. கோணுகிற முகத்தை அவருக்கு நேரே காட்டிக்கொண்டே கோணுகிறேன்.

அந்தத் தடவை மருந்து ஏற்றி வந்தபின் முன்னெப்போதையும்விட மோசமாக இருந்தார். கையைத் தூக்க ஏலாது. தண்ணீர் பட்டாலும் சத்தி. கட்லெட்டைக் கொண்டுபோய்க் கட்டிலோரம் இருந்தேன். சின்னதாகப் பிட்டு வாயருகே பிடித்தேன். அவர் கண்ணைத் திறக்காமல், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தார். நான் காத்திருந்தேன். கை நோகத் தொடங்கியது.

"உப்புப் பாத்தனீரோ?" என்றார்.

"ஓம். பாத்தனான். அரியண்டமாக் கிடக்கு."

"அப்ப தாரும்" என்று வாயைத் திறந்தார்.